குடிபெயர்வுத் துப்புரவு மதிப்பீடு

குடிபெயர்வுத் துப்புரவு மதிப்பீடு என்பது, வாடகை வீட்டைக் காலி செய்யும்போது அதனைத் தூய்மைப்படுத்தி உரிமையாளரிடம் ஒப்படைக்கத் தேவைப்படும் நேரத்தையும், அப்பணிக்குரிய விலையையும் முன்கூட்டியே கணக்கிடும் முறை ஆகும். இம்மதிப்பீட்டில் மூன்று தரப்பினருக்குத் தொடர்பு உண்டு. வாடகைதாரருக்கு இது முன்பணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதைப் பாதிக்கும் கணக்கு. உரிமையாளருக்கு அடுத்த குடித்தனத்திற்கு வீட்டை ஆயத்தம் செய்யும் செலவு. துப்புரவுப் பணியாளருக்கு ஒரு நாளின் கூலி. மதிப்பீடு உண்மைக்குக் குறைவாக அமைந்தால் இழப்பு பணியாளரைச் சேர்கிறது. மிகையாக அமைந்தால் வாடகைதாரரின் முன்பணம் கரைகிறது. எனவே வீட்டின் பரப்பளவை மட்டும் கொண்டு விலை கூறாமல், செய்ய வேண்டிய வேலைகளை எண்ணிக் கணக்கிடுவதே இதன் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது.

பொருளடக்கம்
1. வரையறையும் எல்லையும்
2. தமிழ்நாட்டு நடைமுறையும் சட்டமும்
3. நேரத்தைத் தீர்மானிக்கும் காரணிகள்
4. நேர மதிப்பீட்டு முறைகள்
5. விலையின் கூறுகள்
6. எடுத்துக்காட்டுக் கணக்கு
7. வழக்கமான பிழைகள்
8. பாதுகாப்பு
9. பிற நாடுகளில்
10. ஒப்படைப்பு
11. இவற்றையும் பார்க்க

1. வரையறையும் எல்லையும்

அன்றாடத் துப்புரவில் தரை, பாத்திரத் தொட்டி, கழிப்பறை ஆகியவையே பெரும்பாலும் தூய்மை செய்யப்படுகின்றன. குடிபெயர்வுத் துப்புரவு இதிலிருந்து வேறுபட்டது. கட்டில், பீரோ, குளிர்பதனப் பெட்டி ஆகியன அகற்றப்பட்ட பின்னர் அவற்றின் அடியிலும் பின்புறத்திலும் சேர்ந்திருந்த அழுக்கு வெளிப்படுகிறது. பரண், அலமாரித் தட்டுகள், சன்னல் கம்பிகள், மின்விசிறி இறக்கைகள், சுவிட்சுப் பலகைகள், கொசுவலைச் சட்டங்கள் ஆகியனவும் இதில் அடங்கும்.

பின்வரும் பணிகள் பொதுவாக இம்மதிப்பீட்டில் சேர்வதில்லை:

• வெள்ளையடித்தல், வண்ணம் பூசுதல்
• ஆணித் துளைகளைப் பூசி அடைத்தல்
• குழாய், மின்கம்பி பழுதுகள்
• மேல்நிலைத் தொட்டி, தரைத்தொட்டி ஆகியவற்றைக் கழுவுதல் (தனியாகக் கேட்கப்பட்டாலன்றி)
• கைவிடப்பட்ட மரச்சாமான்களை அப்புறப்படுத்தல்

இவ்வெல்லையைத் தொடக்கத்திலேயே குறிப்பிடாவிடில், துப்புரவுச் செலவும் வண்ணப்பூச்சுச் செலவும் ஒரே தொகையாகக் கலந்துவிடும். முன்பணம் தொடர்பான கருத்து வேறுபாடுகள் பல இக்கலப்பிலேயே தோன்றுகின்றன.

2. தமிழ்நாட்டு நடைமுறையும் சட்டமும்

தமிழ்நாட்டில் வீட்டைக் காலி செய்வோர் பெருக்கித் துடைத்துச் சாவியை ஒப்படைப்பது மரபு. ரிஷிவந்தியம் போன்ற சிற்றூர்களில் இப்பணியைக் குடியிருந்தோரே செய்கின்றனர். அல்லது தெரிந்த ஒருவரை அரை நாள் அல்லது ஒரு நாள் கூலிக்கு அழைக்கின்றனர். அங்கு வாய்மொழி உடன்பாடும் ஊர் வழக்கமுமே பெரும்பாலும் செல்லுபடியாகின்றன. பெருநகரங்களில் இப்பணியைத் தனித்தொழிலாகச் செய்யும் நிறுவனங்களும் செயலிகளும் உள்ளன. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலையில் கள்ளக்குறிச்சி போன்ற நகரங்கள் உள்ளன. விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26 அன்று தொடங்கி வைக்கப்பட்டது; கள்ளக்குறிச்சி அதன் தலைநகரமானது. பணி மாற்றத்தால் குடிபெயரும் அரசு ஊழியர்கள் உள்ள எந்த மாவட்டத் தலைநகரத்திலும் வீடு மாறுதல் தொடர்ந்து நிகழ்வதாகும்.

வீடு மாறுதல் ஆண்டு முழுவதும் சீராக நடைபெறுவதில்லை. ஆடி, மார்கழி மாதங்களில் புது வீட்டில் பால் காய்ச்சுவதைப் பலர் தவிர்க்கின்றனர். ஆகையால் ஆனி மாத இறுதியிலும், தை மாதத்திலும், பள்ளி விடுமுறைக் காலமான மே மாதத்திலும் வேலை நெருக்கம் காணப்படும். அக்காலங்களில் ஆள் கிடைப்பது அரிதாகையால் கூலியும் உயர்கிறது.

தமிழ்நாட்டில் 1960 ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திற்கு மாற்றாக, நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் 2017 இல் இயற்றப்பட்டு 2019 பெப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் இம்மதிப்பீட்டுடன் தொடர்புடையவை வருமாறு:

• வேறு உடன்பாடு இல்லாவிடில், முன்பணம் மாத வாடகையின் மூன்று மடங்கிற்கு மிகுதல் ஆகாது.
• வீடு காலி செய்யப்பட்ட ஒரு மாதத்திற்குள், வாடகைதாரர் தரவேண்டியவற்றைக் கழித்துக்கொண்டு முன்பணம் திருப்பித் தரப்பட வேண்டும்.
• வழக்கமான பயன்பாட்டால் ஏற்படும் தேய்மானத்திற்கு வாடகைதாரர் பொறுப்பல்லர்.
• எழுத்து மூலமான ஒப்பந்தத்தில் வேறுவகையாகக் கூறப்படாவிடில், சுவருக்கு வெள்ளையடித்தலும் கதவு, சன்னல்களுக்கு வண்ணம் பூசுதலும் உரிமையாளரின் பொறுப்பு. கழிவுநீர் வடிகாலைத் தூய்மை செய்தல் போன்றவை வாடகைதாரரின் பொறுப்பு.

இருப்பினும் "வெள்ளையடிக்க" என்று ஒரு மாத வாடகையை முன்பணத்தில் பிடித்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. ஒப்பந்தத்தில் அவ்வாறு எழுதப்பட்டிருந்தால் அது வாடகைதாரரைக் கட்டுப்படுத்தும். எழுதப்படாத நிலையில், எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்க வாடகைதாரருக்கு இடமுண்டு. அவ்வாறு கேட்பதற்கு வேலை வாரியான மதிப்பீடு துணை செய்கிறது.

3. நேரத்தைத் தீர்மானிக்கும் காரணிகள்

செருமானிய வேதியியலாளர் எர்பர்ட் சின்னர் 1959 இல் விளக்கிய "சின்னர் வட்டம்" என்னும் கருத்தின்படி, எந்தத் தூய்மைப் பணியும் நான்கு கூறுகளால் ஆனது: வேதிப்பொருள், தேய்க்கும் விசை, வெப்பம், நேரம். இவற்றுள் ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றைக் கூட்ட வேண்டும். வெறுந் தண்ணீரும் தேங்காய் நாரும் கொண்டு எண்ணெய்ப் பிசுக்கை நீக்குவோருக்கு நீண்ட நேரமும் மிகுந்த உழைப்பும் தேவைப்படுகின்றன. அதே இடத்தில் சூடான சோப்புநீரைத் தெளித்து ஊறவிட்டால் தேய்க்கும் நேரம் குறைகிறது.

இங்கு இரு வகை நேரங்களை வேறுபடுத்த வேண்டும். உழைப்பு நேரம் என்பது ஆள் கைவைத்து வேலை செய்யும் நேரம். ஊறும் நேரம் என்பது வேதிப்பொருள் தானே செயற்படும் நேரம். குளியலறையிலும் அடுப்பங்கரையிலும் முதலில் மருந்திட்டு ஊறவிட்டு, அவ்வேளையில் ஒட்டடை அடித்தால், ஊறும் நேரத்திற்குத் தனியாகக் கூலி கணக்கிட வேண்டியதில்லை.

நேரத்தைக் கூட்டும் பிற காரணிகள்:

• உப்புக்கறை: ஆழ்துளைக் கிணற்று நீர் கடினநீராக உள்ள ஊர்களில் குளியலறை ஓடுகளிலும் குழாய்களிலும் வெண்படிவு உண்டாகிறது. இது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டு ஆகும். சோப்பினால் நீங்காது, அமிலத்தன்மை உள்ள பொருள் தேவை.
• எண்ணெய்ப் பிசுக்கு: தாளிப்புப் புகை அடுப்பு மேடைக்கு மேலுள்ள சுவரிலும், புகைபோக்கி விசிறியிலும், பரணின் அடிப்பகுதியிலும் படிகிறது.
• தரையின் வகை: வழவழப்பான ஓட்டுத்தரை எளிது. சிவப்புக் காவித் தரை, மொசைக், கடப்பைக்கல் ஆகியவற்றில் மிகுந்த கவனம் தேவை.
• ஒட்டுப் பொருட்கள்: சிறுவர் ஒட்டிய படங்கள், நாட்காட்டி ஒட்டிய பசை, வாசலில் எண்ணெய் வண்ணத்தால் இட்ட கோலம்.
• நீரும் மின்சாரமும்: மோட்டார் இயங்காத வீட்டில் தண்ணீர் சுமக்கும் நேரமும் சேரும்.
• மாடி: பொருட்களையும் குப்பையையும் ஏற்றி இறக்கும் நேரம்.

4. நேர மதிப்பீட்டு முறைகள்

பரப்பளவு முறை: வீட்டின் பரப்பைச் சதுர அடியிலோ, 100 சதுர அடி கொண்ட "சதுரம்" என்னும் கட்டுமான அளவிலோ கணித்து, ஒரு சதுரத்திற்கு இத்தனை நிமிடம் எனப் பெருக்குவது. விரைவானது. ஆனால் தரை துடைத்தலுக்கு மட்டுமே நன்கு பொருந்தும். ஒரே பரப்புள்ள இரு வீடுகளில் ஒன்றில் ஒரு கழிப்பறையும் மற்றொன்றில் இரண்டும் இருக்கக்கூடும்.

அறை முறை: கூடம், படுக்கையறை, சமையலறை, குளியலறை ஒவ்வொன்றிற்கும் ஒரு நிலையான நேரம் வைப்பது. தொலைபேசியில் தோராய விலை கூறுவதற்கு ஏற்றது.

வேலை முறை: மின்விசிறி, சன்னல், கதவு, அலமாரி என ஒவ்வொன்றையும் எண்ணி, ஒன்றுக்கு ஆகும் நிமிடத்தால் பெருக்கிக் கூட்டுவது. துப்புரவுத் தொழிலின் பன்னாட்டுச் சங்கமான ஐ.எஸ்.எஸ்.ஏ. இவ்வகை வேலை நேரங்களின் பட்டியலை நூலாக வெளியிட்டு வருகிறது. ஆயினும் அவை இயந்திரங்களைக் கையாளும் அலுவலகக் கட்டடங்களுக்கே மிகுதியும் பொருந்துவன. ஒவ்வொரு குழுவும் தன் பணியாளர்களின் நேரத்தைச் சில வீடுகளில் குறித்துவைத்துச் சொந்தப் பட்டியல் தயாரிப்பதே நம்பகமானது.

மூன்று புள்ளி முறை: அழுக்கின் அளவு உறுதியாகத் தெரியாத இடங்களில், 1958 இல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிசு ஏவுகணைத் திட்டத்திற்காக உருவாக்கப்பட்ட பெர்ட் முறையின் வாய்பாடு பயன்படும்:

எதிர்பார்க்கும் நேரம் = (குறைந்த நேரம் + 4 × பெரும்பாலும் ஆகும் நேரம் + மிகுந்த நேரம்) ÷ 6

உப்புக்கறை படிந்த குளியலறைக்குக் குறைந்தது 75, பெரும்பாலும் 130, மிகுந்தால் 215 நிமிடங்கள் எனக் கொண்டால், (75 + 520 + 215) ÷ 6 = 135 நிமிடங்கள் கிடைக்கும்.

5. விலையின் கூறுகள்

• உழைப்பு: ஆள்-மணி × மணிக்கூலி.
• பயண நேரம்: பணியாளர் வந்து போகும் நேரமும் அவரது நாளில் ஒரு பகுதியே.
• போக்குவரத்து: பேருந்து அல்லது எரிபொருள் செலவு.
• பொருட்கள்: துடைப்பம், ஒட்டடைக் கோல், பினாயில், சோப்புத்தூள், கையுறை, கந்தைத்துணி.
• மேற்செலவும் ஈவும்: கருவித் தேய்மானம், குறை கூறப்பட்டால் மறுமுறை வருதல், ஆதாயம்.
• வரி: 2017 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சரக்கு மற்றும் சேவை வரியில் துப்புரவுச் சேவைக்கான பொது வீதம் 18 விழுக்காடு. சேவை மட்டும் வழங்குவோரின் ஆண்டு விற்றுமுதல் 20 இலட்சம் ரூபாயைத் தாண்டும்போது பதிவு கட்டாயமாகிறது. பதிவு செய்யாத தனிப் பணியாளர் இவ்வரியை வாங்கலாகாது.

மணிக்கூலிக்குக் கீழ் எல்லை உண்டு. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கான நலவாரியம் 2007 இல் அமைக்கப்பட்டது. 2018 இல் வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலியாகத் திறன்சாராப் பணிக்கு மணிக்கு 37 ரூபாய் அறிவிக்கப்பட்டது. நடைமுறைக் கூலி இடத்திற்கு இடம் வேறுபடுவதால், மதிப்பிடுவோர் அவ்வூரின் அன்றைய நாட்கூலியை வேலை நேரத்தால் வகுத்து மணிக்கூலியைப் பெறுதல் நன்று.

விலையை மணிக்கணக்கிலும் கூறலாம், மொத்தமாகவும் கூறலாம். மணிக்கணக்கில் நேரம் நீளும் இடர் வீட்டாரைச் சேரும். மொத்த விலையில் அவ்விடர் பணியை ஏற்பவரைச் சேரும். எனவே வீட்டை நேரில் பார்க்காமல் மொத்த விலைக்கு ஒப்புதல் தருவது தவிர்க்கப்பட வேண்டும்.

6. எடுத்துக்காட்டுக் கணக்கு

கீழுள்ள எண்கள் முறையை விளக்குவதற்காக மட்டும் கொள்ளப்பட்டவை. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை, கழிப்பறையுடன் கூடிய குளியலறை ஆகியன கொண்ட 600 சதுர அடி ஓட்டுத்தரை வீடு. வழக்கமான அழுக்கு நிலை:

• ஒட்டடை அடித்தல், சுவர்த் தூசு நீக்கல் – 40 நிமிடம்
• மின்விசிறி 3 × 10 – 30
• சன்னல் 5 × 15 – 75
• கதவு 4 × 8 – 32
• பரண், அலமாரி 3 × 15 – 45
• விளக்குகள், சுவிட்சுப் பலகைகள் – 18
• சமையலறை மேடை, சுவர் ஓடு, தொட்டி – 80
• குளியலறை – 75
• தரை 6 சதுரம் × 10 – 60
• வாசல், பின்புறம், குப்பை அகற்றல் – 25
• கூடுதல் – 480 ஆள்-நிமிடம்

இவ்வீட்டின் சமையலறையில் மிகுந்த எண்ணெய்ப் பிசுக்கு இருப்பதாகவும் (1.5 மடங்கு: 80 என்பது 120 ஆகிறது), குளியலறையில் உப்புக்கறை இருப்பதாகவும் (மூன்று புள்ளி முறைப்படி 75 என்பது 135 ஆகிறது) கொள்வோம். கூடுதல் 580 ஆகும். இருவர் ஆளுக்கு 20 நிமிடம் ஆயத்தத்திற்கும் இறுதிப் பார்வைக்கும் செலவிட்டால் 620. எதிர்பாராதவைக்கு 10 விழுக்காடு சேர்த்தால் 682 ஆள்-நிமிடம். அதாவது 11 மணி 22 நிமிடம். அரை மணிக்கு முழுமையாக்கினால் 11.5 ஆள்-மணி. இருவர் சேர்ந்து செய்தால் உணவு இடைவேளை உட்பட ஒரு முழு நாள்.

மணிக்கூலி 100 ரூபாய் எனக் கொண்டால்:

• உழைப்பு 11.5 × 100 – 1,150 ரூபாய்
• பயண நேரம் 2 ஆள்-மணி – 200
• பேருந்துச் செலவு – 100
• பொருட்கள் – 250
• அடக்க விலை – 1,700
• மேற்செலவும் ஈவும் 20 விழுக்காடு – 340
• விலை – 2,040 ரூபாய்

வரிக்குப் பதிவு செய்த நிறுவனமாயின் 18 விழுக்காடு சேர்த்து 2,407 ரூபாய் 20 காசு ஆகும்.

அதே வீட்டில் பிசுக்கும் உப்புக்கறையும் இல்லாவிடில் 10 ஆள்-மணியும் 1,860 ரூபாயும் போதும். "அழுக்கு வீடு" என்று முழு வீட்டிற்கும் 1.5 மடங்கு வைத்தால் 14 ஆள்-மணியும் 2,340 ரூபாயும் வரும். அதாவது இரண்டு அறைகளின் கறைக்காக மற்ற அறைகளுக்கும் சேர்த்து 300 ரூபாய் மிகுதியாகக் கணக்கிடப்படுகிறது. மாறாக, சதுர அடிக்கு 3 ரூபாய் என்று கறையைப் பாராமல் 1,800 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டால், அடக்க விலை போக 100 ரூபாயே மிஞ்சும். மறுமுறை வர நேரிட்டால் அதுவும் பயணச் செலவிற்கே போய்விடும்.

7. வழக்கமான பிழைகள்

• சாமான்கள் இருக்கும்போதே பார்த்து விலை கூறுதல். அவ்வாறு கூற நேர்ந்தால், காலி செய்த பின் மறு பார்வைக்கு உட்பட்டது என்று குறிப்பிட வேண்டும்.
• ஆட்களை இரட்டித்தால் நேரம் சரிபாதியாகும் என எண்ணுதல். சிறிய குளியலறையில் ஒருவரே வேலை செய்ய முடியும். தரை துடைத்தலோ மற்ற யாவும் முடிந்த பின்னரே செய்யக்கூடியது.
• வரிசை மாறுதல். மேலிருந்து கீழாகவும், உலர் வேலையிலிருந்து ஈர வேலைக்குமாகச் செல்லாவிடில் துடைத்த தரையில் மீண்டும் ஒட்டடை விழும்.
• வண்ணம் பூசும் வேலை இருப்பின் அதற்கு முன்னரே முழுத் துப்புரவும் செய்து முடித்தல்.
• பயண நேரத்தைக் கணக்கில் கொள்ளாமை.

8. பாதுகாப்பு

நேரத்தைக் குறைக்கும் நோக்கில் கடைகளில் "ஆசிட்" என்ற பெயரில் விற்கப்படும் ஐதரோகுளோரிக் அமிலத்தைப் பயன்படுத்தும் வழக்கம் உள்ளது. இதனைப் பிளீச்சிங் பவுடருடனோ அது கலந்த திரவத்துடனோ சேர்த்தால் நச்சுத்தன்மை கொண்ட குளோரின் வளிமம் வெளிப்படும். காற்றோட்டமற்ற சிறு குளியலறையில் இது உயிருக்கே ஆபத்தானது. அவ்விரண்டையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் பயன்படுத்தாமல் இருப்பதே பாதுகாப்பானது.

உப்புக்கறையைக் கரைக்கும் அதே வேதிவினை, மொசைக்கில் உள்ள சலவைக்கல் துண்டுகளையும் சுண்ணாம்புக்கல் வகையான கடப்பைக்கல்லையும் ஓடுகளுக்கிடையே உள்ள சிமெந்தையும் அரித்துவிடும். அவ்வாறு மங்கிய தரை துப்புரவினால் மீளாது. அது சேதமாகக் கருதப்பட்டு முன்பணத்தில் கழிக்கப்படக்கூடும். எலுமிச்சை அமிலம் போன்ற மென்மையான பொருளும் நீண்ட ஊறும் நேரமும் ஓட்டுச் சுவருக்குப் போதுமானவை. மேற்குறித்த தரைகளில் அதனையும் தவிர்க்க வேண்டும். மின்விசிறி, சுவிட்சுப் பலகை ஆகியவற்றைத் துடைக்கும் முன் முதன்மை மின்இணைப்பைத் துண்டிக்க வேண்டும்.

9. பிற நாடுகளில்

இங்கிலாந்து: தமிழர் பலர் வாழும் இலண்டன் உள்ளிட்ட இடங்களில் இத்துப்புரவு தனித் தொழிலாக வளர்ந்துள்ளது. 2007 ஏப்ரல் 6 முதல் முன்பணத்தை அரசு ஏற்புப் பெற்ற காப்புத் திட்டத்தில் சேர்ப்பது கட்டாயமானது. அத்திட்டங்களுக்கு வரும் பிணக்குகளில் துப்புரவு தொடர்பானவை முதன்மையானவை. 2019 சூன் 1 இல் நடைமுறைக்கு வந்த வாடகைதாரர் கட்டணச் சட்டத்திற்குப் பின், தொழில்முறைத் துப்புரவுக்கெனத் தனிக் கட்டணம் கேட்க உரிமையாளருக்கு உரிமை இல்லை. குடிபுகுந்தபோது இருந்த தூய்மை நிலையில் ஒப்படைத்தால் போதும்.

செருமனி: ஒப்பந்தங்களில் "துடைப்பத் தூய்மை" என்னும் சொல் வழங்குகிறது. பருமனான அழுக்கை நீக்கினால் போதும் என்பதே அதன் பொருள் என்று அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் 2006 இல் தீர்ப்பளித்தது.

சப்பான்: 2020 ஏப்ரல் 1 இல் நடைமுறைக்கு வந்த குடிமையியல் சட்டத் திருத்தம், வழக்கமான பயன்பாட்டுத் தேய்மானத்தைச் சீர்செய்யும் பொறுப்பு வாடகைதாரருக்கு இல்லை என்று வெளிப்படையாகக் கூறுகிறது.

இம்மூன்றிலும் காணப்படும் பொதுக்கூறு, ஒப்பிடுவதற்கு ஒரு தொடக்க நிலை தேவை என்பதாகும். குடிபுகும் நாளின் நிலை பதிவு செய்யப்படாவிடில் குடிபெயரும் நாளின் கணக்கிற்கு அடிப்படை இல்லை.

10. ஒப்படைப்பு

மதிப்பீட்டைப் பயனுள்ளதாக்கப் பின்வருவன பரிந்துரைக்கப்படுகின்றன:

• குடிபுகும் நாளிலேயே அறைவாரியாக நாளிட்ட ஒளிப்படங்கள் எடுத்து இரு தரப்பினரும் வைத்துக்கொள்ளல்.
• துப்புரவு, வண்ணப்பூச்சு, பழுது ஆகியவற்றைத் தனித்தனி வரிகளாக எழுதுதல்.
• பணி முடிந்தபின் உரிமையாளர் அல்லது அவர் சார்பாளர் முன்னிலையில் பகல் வெளிச்சத்தில் பார்வையிடல்.
• செலவுச் சீட்டைப் பாதுகாத்தல்.

துப்புரவுக்கென 6,000 ரூபாய் கழிக்கப்பட்டதாகக் கூறப்படும் வீட்டில், வேலைவாரிக் கணக்கு 2,040 ரூபாய் எனக் காட்டினால், எஞ்சிய தொகை எவ்வேலைக்கு உரியது என்ற வினா தெளிவாக எழுகிறது. அதுபோலவே 1,000 ரூபாய்க்கு முடித்துத் தரும்படி பணியாளரிடம் கேட்கப்பட்டால், மேற்கண்ட எடுத்துக்காட்டின் 11.5 மணி உழைப்பிற்கான கூலிக்கே அத்தொகை போதாது என்பதையும் அதே கணக்கு காட்டுகிறது.

11. இவற்றையும் பார்க்க

• வாடகை ஒப்பந்தம்
• குறைந்தபட்சக் கூலி
• கடினநீர்
• சரக்கு மற்றும் சேவை வரி (இந்தியா)
• கள்ளக்குறிச்சி மாவட்டம்

பகுப்புகள்: துப்புரவு | வீட்டு மேலாண்மை | மதிப்பீட்டு முறைகள் | வாடகை